பிப்பெட்பர்க் உடன்படிக்கை

1

எழுபத்தொரு மணி நேரம் ஆக்னஸ் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியிலிருந்து திங்கட்கிழமை காலை பதினொன்று வரை. சாப்பிடத் திறந்தாள். ஷட்டில் வண்டி ஓட்டுநரிடம் இறங்கும் இடம் சொல்லத் திறந்தாள். அவை கணக்கில் வராது. சொல்லியே ஆகவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்த நேரம்தான் எழுபத்தொன்று.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஹைதராபாத்தில், கச்சிபௌலியில் ஒரு பெண்கள் விடுதியின் நான்காம் மாடியில் அவளுக்கும் எனக்கும் எதிரெதிர் அறை. இருவரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. ஏழு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி, எந்த வாளி யாருடையது என்பது பற்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டே, பிப்பெட்பர்க் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். ரொம்ப நல்லது என்றாள். பிறகு ஒரு மணி நேரம் சொன்னாள். துணி பாதி காய்ந்துவிட்டது.

எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பெயரை மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன். வேறு நிபந்தனை இல்லை.

2

தொடக்கத்துக்கு நான் செய்த முயற்சிகள் கீழே கிடக்கின்றன. துடைக்க மனம் வரவில்லை.

"ஐரோப்பாவின் வரலாறு என்பது எல்லைகளின் வரலாறு." இதைப் படித்தால் எனக்கு ஐரோப்பா தெரியும் என்று நினைப்பீர்கள். நான் தாவரவியல் படித்தவள்.

"வெளியே மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. அது ஏப்ரல் மாதம்.

"ஆக்னஸ் செய்தது பொய் அல்ல, அது ஒரு"

மூன்றாவது வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. 'ஒரு' என்பதற்கு அடுத்து வரவேண்டிய சொல் உங்களுக்குப் புரிய, முதலில் அவளுடைய வேலை புரிய வேண்டும். எனவே அதைச் சொல்கிறேன்.

3

ஆக்னஸுக்கு ஊர் தூத்துக்குடி. வேதியியலில் எம்.எஸ்ஸி. உப்பலில் ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இரண்டு வருடம் இருந்தாள். ஆலை வேறு மாநிலத்துக்குப் போனது. இவள் போகவில்லை. ஊருக்குத் திரும்பினால் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும். எனவே ஹைதராபாத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரத்துக்கு வந்து, கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்டிக் கையேடுகள் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள்.

சேர்த்துக்கொண்டவர் பாமா. கோயம்புத்தூர்க்காரர், கையேட்டுப் பிரிவுக்குத் தலைவர். வரலாறு தெரியாத என்னை எதற்கு எடுக்கிறீர்கள் என்று நேர்முகத் தேர்வில் ஆக்னஸ் கேட்டாள். கேட்கக்கூடாத கேள்வி. பாமா சிரித்தார்.

"ஹிஸ்டரி தெரிஞ்ச ஆளு என்கிட்ட இருக்குது. அளக்கத் தெரிஞ்ச ஆளுதான் வேணும், கண்ணு."

தன்னைப் பற்றி யாரும் சொன்னதில் ஆக்னஸுக்கு மிகப் பிடித்த வாக்கியம் அதுதான். இந்தக் கதை நடக்கும்போது, ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் அவளுக்கு ஐந்தாம் மாதம்.

வேலை இதுதான். ஐரோப்பிய அரசியலும் வரலாறும் படிக்கிற மாணவர்கள் இணையத்தில் எதை நம்பலாம்? நாற்பது தளங்களைத் திரட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போட வேண்டும். மேலே வரும் பத்துத் தளங்கள் கையேட்டில் ஏறும். கையேடு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அறுபத்திரண்டு கல்லூரி நூலகங்களுக்குப் போகும். அதன் பிறகு அதில் இருப்பது மாணவர்களின் நோட்டுக்குப் போகும், நோட்டிலிருந்து விடைத்தாளுக்குப் போகும்.

மதிப்பெண் தாளைத் தயாரித்தவள் ஆக்னஸ். பத்துக் கேள்விகள், தலா பத்து மதிப்பெண். எழுதியவர் பெயர் இருக்கிறதா, அவர் தகுதி என்ன, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், அடிக்குறிப்புகள் எத்தனை, வரைபடம் உண்டா, விளம்பரம் இல்லையா, தொடர்பு முகவரி உண்டா, இப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை இருந்தால் எவ்வளவு என்று அளவு வைத்திருந்தாள். யார் போட்டாலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தத் தாளை அவள் அச்சிட்டு விடுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். நான் பார்த்திருக்கிறேன்.

நாற்பதில் எல்லா ரகமும் இருந்தன. ஒன்றில் செக்கோஸ்லோவாக்கியா இன்னும் பிரியாமல் இருந்தது. ஒன்றில் பிரிட்டன் 'அடுத்த ஆண்டு' ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறவிருந்தது, அந்த அடுத்த ஆண்டு அங்கே வரவே இல்லை. ஒன்று நாடாளுமன்ற விவாதங்களை வரி விடாமல் தந்தது. ஆக்னஸுக்கு அது பிடித்தது. சுவையே இல்லை, நம்பலாம், காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி என்று சொன்னாள்.

மூன்றாவது ஆள் ராகவேந்திரா. வரலாற்றில் எம்.ஏ. கொள்ளுத்தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காகச் செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவருடைய தமிழில் தெலுங்கும், ஹைதராபாத் உருதுவான தக்னியும் தாராளமாகப் புழங்கும். ஆக்னஸ் அவரை அண்ணா என்பாள். அவர் இவளை 'சயின்டிஸ்ட்' என்பார்.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம். ராகவேந்திராவை நான் கோமாளி ஆக்கிக்கொண்டிருக்கிறேனா? முதல் வரைவில் அவருக்குத் தொப்பை வைத்தேன், இடதுகையில் எப்போதும் ஒரு சமோசா வைத்தேன். இரண்டையும் எடுத்துவிட்டேன். எழுத வேண்டியது இது: அந்த அறையில் ஐரோப்பா உண்மையாகவே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். 1848இல் எந்த நகரத்தில் எந்த மாதம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். வியன்னா மாநாடு 1851இல் முடிந்தது என்று எழுதியிருந்த ஒரு தளத்தை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே தள்ளுபடி செய்தார். 1815 என்று தெரிந்த ஆளுக்கு 1851 கல் மாதிரி உறுத்தும். அப்படிப்பட்டவரும் விழுந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.]

4

இப்போது அந்தச் சொல். பிளாங்க்.

ஆய்வகத்தில் மாதிரிகளைக் கருவிக்குக் கொடுக்கும்போது, நடுவில் ஒரு வெற்றுக்குழாயையும் கொடுப்பார்கள். அதில் மற்ற எல்லாம் இருக்கும், தேட வேண்டிய பொருள் மட்டும் இருக்காது. அதற்குப் பெயர் பிளாங்க். அதற்குக் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாமல் எண் சொன்னால், அன்றைக்கு அது சொன்ன எல்லா எண்ணும் சந்தேகம். உப்பலில் இரண்டு வருடம் ஆக்னஸ் பிளாங்க் ஓட்டாமல் ஒரு நாளைத் தொடங்கியதில்லை.

கையேடு போகவேண்டிய நாளுக்கு முந்தைய திங்கட்கிழமை மாலை, தளங்களின் பட்டியலை முடித்தபோது அவளுக்கு அது தோன்றியது. முப்பத்தொன்பது மாதிரி இருக்கிறது, பிளாங்க் இல்லை.

ஆறு மணிக்கு உட்கார்ந்தாள். எட்டரைக்கு ஒரு தளம் தயார். அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை.

பிப்பெட்பர்க், டைட்ரேனியா என்று இரண்டு குட்டி ராஜ்ஜியங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம், பாலத்தில் ஒரு சுங்கக் கதவு. அந்தக் கதவுக்கு என்ன நிறம் பூசுவது என்று முப்பது ஆண்டுச் சண்டை. 1837இல் இரு மன்னர்களும் சந்தித்து, துளித் துளியாகச் சாயம் கலந்து பார்த்து, கடைசியில் வெளிர் இளஞ்சிவப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். அதுதான் பிப்பெட்பர்க் உடன்படிக்கை. எழுதியவர் பேராசிரியர் ஹான்ஸ் ஸ்டாப்காக்.

[வேதியியல் ஆய்வகத்துக்குள் போகாதவர்களுக்காக: பிப்பெட் என்பது திரவத்தை அளந்து உறிஞ்சும் கண்ணாடிக் குழாய். டைட்ரேஷன் என்பது துளித் துளியாக விட்டு அளக்கும் முறை. ஸ்டாப்காக் என்பது அந்தத் துளியைத் திறந்து மூடும் திருகு. பிளஸ் டூவில் எல்லோரும் செய்யும் சோதனையில், திரவம் வெளிர் இளஞ்சிவப்பாக மாறும்போது நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் பிப்பெட்பர்க்கின் வரலாறு.]

இருபத்து மூன்று அடிக்குறிப்புகள் வைத்தாள். முதல் குறிப்பைத் திறந்தால் 'இரண்டாம் குறிப்பைக் காண்க' என்று இருக்கும். இரண்டாவதில் மூன்றாவதைக் காண்க. இருபத்து மூன்றாவதில் முதல் குறிப்பைக் காண்க. வரைபடம் ஒன்று வரைந்தாள், தூத்துக்குடித் துறைமுகத்தைத் தலைகீழாகத் திருப்பி. தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தாள், அதற்கு வருவது அவளுக்கே வரும். பட்டியலில் பதினேழாம் வரிசையில் செருகினாள். நாற்பது ஆயிற்று.

அவள் கணக்கு இப்படி இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். உடனே அவள் சொல்லிவிடுவாள், பிளாங்கைப் பிடித்துவிட்ட தாளைப் பாராட்டுவார்கள். ஆக்னஸுக்குத் தெரிந்த ஒரே வேடிக்கை முறை அதுதான்: தான் ஒன்றும் பேசாமல் மற்றவர்கள் சிரிப்பது.

செவ்வாய் போனது. புதன் போனது. வியாழக்கிழமை ராகவேந்திரா ஒரு முறை சிரித்தார். ஆக்னஸ் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். அவர் கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

வெள்ளி பகல் பன்னிரண்டு மணி. மதிப்பெண்களைக் கூட்டித் திரையில் போட்டார்கள். பதினேழாம் வரிசை மூன்றாம் இடத்தில் இருந்தது.

ஆக்னஸ் வாயைத் திறந்தாள். திறந்ததைப் பாமா பார்க்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகம் மலர்ந்திருந்தது. இத்தனை வருடமாக ஐரோப்பா என்றால் போர், போர் முடிந்தால் அடுத்த போர் என்றே சொல்லிக்கொடுத்துவருகிறோம் என்றார். இங்கே பாருங்கள், இரண்டு ராஜாக்கள் ஒரு வாளிச் சாயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்கள். இன்றைக்கு இருபத்தேழு நாடுகள் ஒரு மேசையில் உட்கார்ந்து மீனுக்கும் பாலுக்கும் விதி போடுகின்றன என்றால், அந்தப் பழக்கம் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்றார். தன் முன்னுரையே பிப்பெட்பர்க்கில்தான் ஆரம்பிக்கும் என்றார். அவர் பெயர் போட்டு வரும் முதல் கையேடு அது.

ஆக்னஸின் வாய் மூடிக்கொண்டது.

ராகவேந்திரா ஆமாம் என்று தலையாட்டினார். "ஹவ் மேடம். நான் தொண்ணூத்தெட்டு போட்டேன். ஸ்டாப்காக் சாரோட புக்கு ஒண்ணு காலேஜ் லைப்ரரில பாத்த ஞாபகம்கூட இருக்கு."

பாமா தொண்ணூற்றைந்து போட்டதாகச் சொன்னார். மூன்றாவது மதிப்பெண் ஆக்னஸ் போட்டது. அது எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், இப்போது சொல்லப்போவதில்லை. கதை எழுதுகிறவளுக்கு இருக்கிற ஒரே அதிகாரத்தையும் நான் ஏன் விட வேண்டும்.

6

சனிக்கிழமை காலை ஆக்னஸ் கைபேசியில் தட்டச்சு செய்து அழித்தவை, வரிசைப்படி:

மேடம், ஒரு சின்ன விஷயம்

மேடம், பதினேழாவது தளம் பற்றி உங்களிடம்

மேடம், பிளஸ் டூவில் நீங்கள் டைட்ரேஷன்

மேடம்

கடைசியில் அனுப்பியது: 'மேடம், குட் மார்னிங்.' பாமாவிடமிருந்து ஒரு ரோஜாப்பூ வந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். பாமாவின் முகம் எப்படி மாறும் என்பது வரை யோசிக்க முடிந்தது, அதற்கு மேல் முடியவில்லை. வேலை போகும் என்பதுகூட அடுத்துதான் வந்தது. அளக்கத் தெரிந்த ஆள் என்று தன்னை நம்பி எடுத்தவரை, அறுபத்திரண்டு நூலகர்கள் முன்னால் தானே கேலிப்பொருளாக்கி வைத்திருக்கிறோம். சொல்லாவிட்டால் இன்னும் மோசம். எங்கேயோ கரீம்நகரில் ஒரு பெண் தேர்வுத்தாளில் வெளிர் இளஞ்சிவப்பு என்று எழுதுவாள்.

மாலையில் அவளுக்கு மூன்றாவது வழி ஒன்று தோன்றியது. தளத்தையே அழித்துவிடலாம். திறக்காத தளத்தைக் கையேட்டில் போட மாட்டார்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கிளிக். பிப்பெட்பர்க், டைட்ரேனியா, பாலம், கதவு எல்லாம் போயின. அன்று மெஸ்ஸில் இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டாள். (இது நான் பார்த்தது. காரணம் அப்போது தெரியாது.)

ஞாயிறு காலை பத்து மணிக்கு ராகவேந்திரா தொலைபேசியில் அழைத்தார். பதினேழாவது தளம் திறக்கவில்லை என்றார். அப்படியா அண்ணா என்றாள் ஆக்னஸ். அப்படியானால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமே என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"அரே, நக்கோ. கைக்கு எடுக்கணும்? புதன்கிழமையே முழுசா இறக்கி வச்சிட்டேன், சயின்டிஸ்ட். ஒரு புள்ளி விடலை." (தக்னியில் நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு.)

மேடத்திடமும் சொல்லிவிட்டாராம். தளமே மறைந்துவிட்ட நிலையில் அது இன்னும் அரிய பொருள் ஆகிவிட்டது என்று மேடம் சொன்னாராம். முழுவதையும் கையேட்டின் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொல்லிவிட்டாராம். அதற்கு அனுமதி வேண்டுமே, எனவே பேராசிரியருக்கு இப்போதுதான் ஒரு மின்னஞ்சல் போட்டேன் என்றார்.

ஆக்னஸின் கையில் கைபேசி ஒரு முறை அதிர்ந்தது.

ராகவேந்திரா ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு. நான் வரலாறு படித்தவன். உங்கள் பக்கத்தைப் படிக்கும் வரை பிப்பெட்பர்க் என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஜெர்மன் பேசும் நிலத்தில் அன்றைக்கு முப்பத்துச் சொச்சம் அரசுகள் இருந்தன, ஒன்றை நான் விட்டிருக்கிறேன். இங்கே யாரிடமும் இதைச் சொல்லவில்லை. தெரிந்ததுபோல் இருந்துவிட்டேன். உங்களிடம் சொன்னால் பரவாயில்லை என்று தோன்றுகிறது. நன்றி.'

ஆக்னஸ் அதை மூன்று முறை படித்தாள். பதில் எழுதும் பெட்டியைத் திறந்தாள். 'அன்புள்ள ராகவேந்திரா' என்று தட்டினாள். அடுத்த வரியில் பேராசிரியர் என்ன சொல்வார் என்றுகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூடிவிட்டாள். வெற்றுக்குழாயை வைப்பது வேறு, அதற்குள் துளித் துளியாக எதையாவது விட ஆரம்பிப்பது வேறு. இரண்டாவதைச் செய்த ஒருவரை உப்பலில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மீதி ஞாயிறு முழுக்க அவள் துணி துவைத்தாள். துவைத்த துணியையும் துவைத்தாள்.

7

ஆக்னஸின் தாளை இந்தக் கதைக்கே போட்டுப் பார்த்தேன்.

எழுதியவர் பெயர்: கதைக்குள் இல்லை. தகுதி: தாவரவியல், இரண்டாம் வகுப்பு. புதுப்பித்த நாள்: இன்று காலை, சமோசாவை எடுத்தபோது. ஆதாரம்: ஒரு துணிக்கொடி. வரைபடம்: இல்லை. விளம்பரம்: இல்லை, முழு மதிப்பெண். தொடர்பு முகவரி: தர மாட்டேன். மொத்தம் முப்பத்து நான்கு வந்தது. பிப்பெட்பர்க் என்னை விட மிக நம்பகமான இடம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முதல் வரியில் எழுபத்தொரு மணி நேரம் என்றேன். வெள்ளி பகல் பன்னிரண்டு, திங்கள் காலை பதினொன்று. எண்ணிப் பார்த்தீர்களா? நான் முதலில் எழுபத்து மூன்று என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் விரல் விட்டு எண்ணினேன். எழுபத்து மூன்று என்றே விட்டிருந்தாலும் நீங்கள் இந்த வரி வரை வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் படிக்கிறேன். ராகவேந்திராவும் பாமாவும் செய்தது அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடிக்குறிப்பு இருக்கிறதா என்று தாள் கேட்டது. இருந்தது. திறந்து பார்த்தாயா என்று தாள் கேட்கவில்லை.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. ஆக்னஸ் கடைசி வரை சொல்லவில்லை. அடுத்த வருடம் ஒரு தேர்வில் கேள்வி வருகிறது: பிப்பெட்பர்க் உடன்படிக்கை ஏற்பட்ட ஆண்டு எது? நான்கு விடைகள். ஆக்னஸின் தம்பியும் அந்தத் தேர்வை எழுதுகிறான், தவறான விடையைத் தேர்ந்தெடுக்கிறான். எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆக்னஸிடம் படித்துக் காட்டினேன், அவளுக்கு வரவில்லை.

ஆ. பாமா கொதித்தெழுந்து, "இன்றோடு நீ" என்று

இதை முடிக்க முடியவில்லை. நான்கு முறை முயன்றேன். பாமாவைக் கோபப்படுத்தினால் அடுத்த வரியில் அவரே 'கண்ணு' என்று சொல்லிவிடுகிறார். சில பாத்திரங்களுக்கு எழுதுகிறவள் சொல்வது காதில் விழுவதில்லை.

இ. ஜெர்மனியிலிருந்து உண்மையான ஹான்ஸ் ஸ்டாப்காக் கடிதம் எழுதுகிறார். தன் பெயரை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்கிறார். இது எல்லோருக்கும் பிடிக்கும் என்று தெரியும். அதனாலேயே வேண்டாம்.

இவற்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவதாக ஒன்றை நீங்களே எழுதிக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சி. நான் நடந்ததை எழுதி, ஆக்னஸ் பேசி முடிக்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். அதன் பிறகு பாமா என்ன சொன்னார், கையேடு என்ன ஆயிற்று, அவளுக்கு ஆறாம் மாதம் உண்டா இல்லையா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். அவள் இன்னும் எதிர் அறையில்தான் இருக்கிறாள் என்பது வரை சொல்லலாம்.

9

திங்கட்கிழமை, பத்து ஐம்பது. கண்ணாடிச் சுவர் போட்ட சின்னக் கூட்ட அறை. பாமா பட்டுப்புடவையில் வந்திருந்தார். ராகவேந்திரா சட்டையை உள்ளே விட்டிருந்தார், அது வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். மூன்று பேர், ஒரு மடிக்கணினி. கையேட்டை வெளியிடும் இணையக் கூட்டத்துக்கு நூலகர்கள் ஒவ்வொருவராக வந்து, திரையின் காத்திருப்பு அறையில் நின்றார்கள். நாற்பது, ஐம்பத்தொன்று, அறுபத்திரண்டு. அவர்களை உள்ளே விடும் பொத்தான் ஆக்னஸின் விரலுக்குக் கீழே இருந்தது. பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை என்பதால் அதை அவளே கேட்டு வாங்கியிருந்தாள்.

பதினொன்று ஆயிற்று.

பாமா முன்னுரையை ஒரு முறை மெல்லப் படித்துப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ள விடு கண்ணு. அத்தனை பேரும் காத்திருக்காங்க."

ஆக்னஸ் விரலை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம் மேடம்."

பிறகு சொன்னாள். முதல் வாக்கியம் அவளுக்கே கேட்கவில்லை. ராகவேந்திரா காதைச் சாய்த்து மறுபடி கேட்டார். இரண்டாம் முறை தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிப்பெட்பர்க் என்று ஊர் இல்லை, டைட்ரேனியா இல்லை, உடன்படிக்கை இல்லை. ஸ்டாப்காக் ஒரு திருகு. தளத்தைக் கட்டியதும் நான், அழித்ததும் நான். செவ்வாய்க்கிழமையே சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. ஆய்வகத்தில் ஏன் பிளாங்க் ஓட்டுவார்கள் என்பதையும் சொன்னாள். ஐந்து மாதத்தில் அவள் அந்த அறையில் பேசிய மொத்தத்தையும் விட அது நீளமாக இருந்தது. மின்னஞ்சலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ராகவேந்திராவைப் பார்த்தாள். யார் அந்த முகவரியில் இருந்தார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் சட்டைக் காலரைச் சரிசெய்த விதத்தில் தெரிந்தது. மெல்லத் தலையசைத்தார். அது நன்றியா கோபமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவர் தான் இறக்கி வைத்திருந்த பிரதியைத் திறந்தார். முதல் அடிக்குறிப்பைத் தொட்டார். இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவது, நான்காவது. சுட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. இருபத்து மூன்றுக்குப் போய், மறுபடி ஒன்றுக்கு வந்தார். நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று போனார். இரண்டாம் சுற்றில் ஏழாவது குறிப்புக்குப் பக்கத்தில் அவருக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டார்.

பாமா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முன்னுரையின் மேல் வைத்தார். திரையில் அறுபத்திரண்டு என்ற எண் அப்படியே நின்றிருந்தது. அவர் கேட்டதில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"அப்ப நானும் இவரும் முட்டாளுங்களா, கண்ணு?"

"இல்ல மேடம்" என்றாள் ஆக்னஸ். இப்போது குரல் அளவாக இருந்தது. "நானும்தான் அதுக்கு மார்க் போட்டேன். பொய்யின்னு தெரிஞ்சுதான் உக்காந்தேன். பத்துக் கேள்வியும் நானே எழுதுன கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் என்ன இருக்கோ அதை அப்படியே அளந்து போட்டேன், ஒரு மார்க்கு கூட்டலை, குறைக்கலை."

அவள் மூச்சு வாங்கினாள்.

"தொண்ணூத்தாறு வந்துச்சு."